பூஸ்டரை எங்கே வைப்பது

எங்கள் மாமாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். அம்மாவுக்குத் தம்பி. திருநெல்வேலியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்துவிட்டு, அக்கா வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடலாம் என்று சென்னையில் கப்பல் ஏறியவர், போர்ட் பிளேரில் இறங்கும்போது இரண்டு அட்டைப் பெட்டிகளோடு இறங்கினார். துணிமணியெல்லாம் ஒரு மஞ்சள் பையில் அடங்கிவிட்டது. பெட்டிகளில் இருந்தது அவர் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கம்ப்யூட்டர். மூன்று நாள் கடலில் தன் படுக்கையில் பெட்டிகளைப் படுக்க வைத்துவிட்டு அவர் தரையில் படுத்து வந்தாராம். இதைக் கேட்டு அம்மா கண் கலங்கினாள். அப்பா, "பெட்டிக்குக் கடல் ஒத்துக்கிட்டுச்சா மாப்ளே?" என்று விசாரித்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஷாதிபூர் மேட்டில் தகரக் கூரை போட்ட வீடு. அப்பா பொதுப்பணித் துறையில் ஸ்டோர் கீப்பர். ஆபீஸ் பென்சிலால் என் நோட்டில் ஒரு கோடு போட்டுத் தரமாட்டார். அது சர்க்கார் பென்சில். எந்தச் சாமான் வாங்கினாலும் அதோடு வரும் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து, மடித்து, ஒரு தகரப் பெட்டியில் வைப்பார். எங்கள் பழைய மிக்சி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அதன் காகிதம் அந்தப் பெட்டியில் சௌக்கியமாக இருந்தது.

மிக்சிக்குப் பிறகு டிவியும் போய்ச் சேர்ந்தது. உப்புக் காற்று உள்ளே புகுந்து எதையோ தின்றுவிட்டது என்றார் மெக்கானிக். அதற்கான சாமான் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், அடுத்த கப்பலில் வந்துவிடும் என்றார். கப்பல் வந்தது, போனது, மறுபடி வந்தது. சாமான் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து வந்தவர்தான் மாமா.

அவர் கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்ததும் கடைசியாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டையை எடுத்துக் காட்டினார். டிவி டியூனர் கார்டு. கேபிளை இதில் சொருகினால் கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்கலாம். பிடித்ததைப் பதிவு செய்யலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். "இனிமே அந்த டப்பா எதுக்கு அத்தான்? தூக்கிக் கடல்ல போடுங்க" என்றார். அப்பா டப்பாவைக் கடலில் போடவில்லை. நல்லவேளை.

கேபிளைச் சொருகியதும் படம் வந்தது. கூடவே கொசுவும் வந்தது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொசு மொய்க்க, அதற்குப் பின்னால் யாரோ பாடினார்கள், யாரோ அழுதார்கள். ஆணா பெண்ணா என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. டிவிப் பெட்டியிலும் முன்பு கொசு உண்டு, ஆனால் இத்தனை இல்லை. மாமா அதற்கும் பதில் வைத்திருந்தார். டிவிப் பெட்டி வருவதைப் பொறுத்துக்கொண்டு காட்டும். கார்டு அப்படியில்லை, அதற்குச் சிக்னல் சுத்தமாக வேண்டும், நம் வீட்டுக் கேபிள் சுத்தமில்லை. கார்டு மேல் குற்றமே இல்லை என்று அவர் சொன்ன விதத்தில், நாங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்படியே விட்டிருப்போம். பாட்டு கேட்டால் போதும் என்று எல்லோரும் பழகிக்கொண்டிருந்தபோதுதான் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது.

பெரியம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தாள். அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆச்சி சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவையும் மாமாவையும் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அம்மா அவளைப் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வாரம் ஒரு போன், அதிலும் பாதி நேரம் "கேக்குதா? கேக்குதா?"விலேயே போய்விடும். அன்றைக்குப் பெரியம்மா சொன்ன செய்தி இதுதான்: ஒரு தமிழ்ச் சேனலில் இனிப்புப் பலகாரப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்து, படமும் பிடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு வரும். "என் மூஞ்சிய நல்லாப் பாத்துக்கிடுட்டி" என்று சொன்னாளாம்.

அம்மா போனை வைத்துவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள். யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். கோட் தெரிந்தது. கோட்டுக்கு மேல் கொசுதான் இருந்தது.

"ஏல, இதுல நம்ம அக்கா மூஞ்சி தெரியுமால?" என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பண்டிகைக்குப் புதுப் புடவை வேண்டுமா என்று அப்பா கேட்டால்கூட வேண்டாம் என்று சொல்லுகிறவள் அம்மா. அவள் எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "பதிமூணு நாள் இருக்குல்லாக்கா? அவ மூக்குத்தில எத்தனை கல்லுன்னு எண்ணிக் காட்டுதேன். காட்டலைன்னா அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிருதேன்."

மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே வண்ணத்தைக் கூட்டினார், வெளிச்சத்தைக் குறைத்தார். கொசு நீலமாயிற்று. கார்டைக் கழற்றி வேறு துவாரத்தில் மாட்டினார். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார், ஃபேனை நிறுத்தச் சொன்னார், மிக்சியை ஓட்டக்கூடாது என்றார். நாங்கள் இருட்டில், வியர்வையில், அம்மியில் அரைத்த சட்டினியோடு உட்கார்ந்து பார்த்தோம். கொசு எங்கேயும் போகவில்லை.

பிறகு கேபிளைப் பிடித்தார். கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக் கூரை ஓரமாக வந்து, ஜன்னல் வழியே நுழைந்து, ஹாலைத் தாண்டி அறைக்குள் வருவதற்குள் அதில் ஏழு ஒட்டு இருந்தது. கம்பியோடு கம்பியை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிய ஒட்டு. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்தது. மாமாவுக்கு அதைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம். எதிரி அகப்பட்டுவிட்டான் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். புதுக் கேபிள் வாங்கி, கூரை ஓரத்திலிருந்து கம்ப்யூட்டர்வரை ஒட்டில்லாமல் ஒரே நீளமாக இழுத்து, நுனியில் திருகுப் பின் போட்டார்.

இதில் எனக்கும் ஒரு பதவி உண்டு. மாமா வெளியே ஏணியில் நின்று கேபிளை அசைத்து "வருதா?" என்று கத்துவார். நான் உள்ளே திரையைப் பார்த்து "வரல!" என்று கத்த வேண்டும். இரண்டு நாள் கடமை தவறாமல் கத்தினேன். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் வேறு கேட்டது. "வருதா?" என்றார். "வருது வருது, நல்லா வருது!" என்றேன். மாமா அந்த இடத்திலேயே கேபிளைப் பிடித்து ஆறு ஆணி அடித்து, இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து பார்த்தார். எனக்கு விழுந்த குட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறு ஆணியையும் பிடுங்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தண்டனையும் கிடைத்தது.

புதுக் கேபிளால் கொசு பாதியாகக் குறைந்தது. முகம் இருக்கிறது என்று தெரிந்தது. யார் முகம் என்று தெரியவில்லை. அப்போதுதான் மாமா பூஸ்டர் வாங்க முடிவு செய்தார். அபர்டீன் பஜாரில் காயல்பட்டினத்து பாய் ஒருவரின் எலக்ட்ரிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி, கரண்டில் ஓடும், வருகிற சிக்னலைப் பெரிதாக்கும். பாய் அதைத் தாளில் சுற்றிக்கொண்டே, "தம்பி, இத எங்க வைக்கணும்னு தெரியும்லா?" என்று கேட்டார். மாமா சிரித்தார். அவரிடம் போய்க் கேட்கிற கேள்வியா?

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே மேசைமேல் வைத்து மாட்டினார். அதுதானே வசதி, பிளக் அங்கேதானே இருக்கிறது. திரையைப் போட்டோம். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"முன்னால கொசுவா இருந்துச்சு. இப்ப ஈயா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. மாமா சரியாகச் சாப்பிடவில்லை. கூரையில் இன்னும் ஒரே ஒரு இடம்தான் அவர் பார்க்கவில்லை. கம்பத்துக் கேபிள் வந்து சேரும், பக்கத்து வீட்டை ஒட்டிய மூலை. அங்கே ஏணியைச் சாத்தும்போதெல்லாம் அம்மா எங்கிருந்தாவது ஓடி வந்துவிடுவாள். ஒரு நாள் தகரம் துருப்பிடித்திருக்கிறது என்றாள். இன்னொரு நாள் குளவிக்கூடு இருக்கிறது என்றாள். மூன்றாவது தடவை, அந்தப் பக்கம் ஏறினால் ராகு காலம் என்றாள். மணி அப்போது காலை ஏழு.

அந்தப் பக்கத்து வீடு மாஷியுடையது. மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி. எங்கள் தெருவுக்கே அவள் மாஷி. கணவர் இல்லை, மகனுக்கு லாங் ஐலண்ட் என்கிற தீவில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை படகில் வருவான். அவள் வீட்டில் ஒரு கிணறு இருந்தது. கோடை வந்தால் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான், சில சமயம் அதுவும் இல்லை. மாஷி தன் மோட்டாரைப் போட்டு வேலிக்கு மேலே ஒரு ஹோஸ் பைப்பை எங்கள் பக்கம் தள்ளிவிடுவாள். "தீதி, பானி லே லோ!" என்று, தண்ணீர் பிடித்துக்கொள் அக்கா என்று, ஒரு குரல். அதுதான் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர். அம்மாவுக்கு வங்காளம் வராது, மாஷிக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி உடைத்த ஹிந்தியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா முருகன் கோயிலுக்குப் போனாள். சிக்னல் நன்றாக வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். ஏணி அந்த மூலைக்குப் போயிற்று.

குளவிக்கூடு இல்லை. தகரத்தில் துருவும் இல்லை. அதற்குப் பதில் கூரை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, புடவைத் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியது. மாமா அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர். கம்பத்திலிருந்து வரும் கேபிள் அதில் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று எங்கள் வீட்டுக்கு. இன்னொன்று மாஷி வீட்டு ஜன்னலுக்கு.

"அடப்பாவி, திருட்டு லைன்!" என்று மாமா மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். "பாதி சிக்னல் அங்க போவுது!"

அந்தப் புடவைத் துணியை எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் துப்பறியும் வேலையில் இருக்கும்போது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களையெல்லாம் யார் யோசிப்பார்கள்? மாமா ஸ்ப்ளிட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கேபிளை நேரடியாகச் சேர்த்தார். நான் உள்ளே ஓடினேன். திரையைப் பார்த்ததும் கையைக் காலை உதறிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினேன். கொசுவும் இல்லை, ஈயும் இல்லை. யாரோ ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே மை கரைந்திருப்பதுகூடத் தெரிந்தது.

திருட்டு விஷயத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று மாமாவும் நானும் பெருந்தன்மையாக முடிவு செய்தோம். பாவம், வயதானவள், போகட்டும். அம்மா கோயிலிலிருந்து திரும்பி வந்து திரையைப் பார்த்தவள், அப்படியே நின்றாள். கிட்டே போய்க் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எப்படில?" என்றாள். "ஒரு ஜாயிண்ட் லூசா இருந்துச்சுக்கா" என்றார் மாமா. அம்மா அவர் நெற்றியில் விபூதி பூசி, முருகனுக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள் அம்மா. இவள் பெரியம்மாவைப் பார்ப்பதைப் போலப் பெரியம்மாவும் இவளைப் பார்க்கப்போகிறாள் என்கிற மாதிரி இருந்தது. அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். அப்போது வேலிப் பக்கமிருந்து மாஷியின் குரல் கேட்டது.

"தீதி, கல் ஷாம் ஸே ஹமாரா டிவி பந்த் ஹை!"

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் வீட்டு டிவி நின்றுவிட்டதாம். அம்மாவின் முகம் வெளுத்தது. மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மெதுவாகக் கேட்டார், "அவங்க டிவி நின்னா கேபிள்காரன்கிட்டல்லா சொல்லணும்? உங்கிட்ட எதுக்குச் சொல்லுதாங்க?"

மூன்று வருஷத்து ரகசியம் மூன்று நிமிஷத்தில் வெளியே வந்தது. ஒரு கோடையில், குடிக்கவும் தண்ணீர் இல்லாத நாளில், மாஷி தானாகவே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். சும்மா வாங்கிக்கொள்ள அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நம்மிடம் என்ன இருக்கிறது, கேபிள் இருக்கிறது. அப்பா ஆபீஸ் போன நேரம் பார்த்து ஒரு ஆளைப் பிடித்து ஸ்ப்ளிட்டர் போட்டு, தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டியும் வைத்துவிட்டாள். தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வரும், சிக்னல் இந்தப் பக்கத்திலிருந்து போகும். பதிமூன்று நாளாக மாமா தேடிய எதிரி, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அக்காதான்.

"ஒரு கனெக்ஷனுக்கு ஒரு வீடுதான். இது ரூல்படி தப்பு" என்றார் அப்பா.

"மூணு வருஷமா நீங்க குளிச்சது ரூல்லயா, மாஷி தண்ணியிலயா?" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மாமாதான் கெஞ்சினார். "யக்கா, ஒரு மணி நேரம் பொறு. நிகழ்ச்சி முடிஞ்சதும் மாட்டிருதேன். இல்லைன்னா அவங்களை இங்க கூப்பிடு, இதுலயே பாக்கட்டும்."

"அவங்க கேட்டது அவங்க வீட்டு டிவிய. வாயத் திறந்து கேட்டுட்டாங்கல்லா? இப்பவே மாட்டு."

"மூஞ்சி தெரியாதுக்கா."

"தெரியாட்டாப் போகுது!" என்றாள் அம்மா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். பூ வைத்த தலையோடு, நல்ல புடவையோடு, அவள் அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மாஷி மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மாமா ஸ்ப்ளிட்டரை எடுத்துக்கொண்டு தூக்குக்குப் போகிறவர் மாதிரி ஏணி ஏறினார். கீழே அப்பா ஒரு கையால் ஏணியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் ஏதோ காகிதம். பூஸ்டர் டப்பாவில் வந்த காகிதம்தான். அன்றைக்கே தகரப் பெட்டிக்குப் போயிருந்தது. அதை எப்போது எடுத்து வந்தாரோ.

"ஏம் மாப்ளே, இதுல ஸ்ப்ளிட்டருக்கு முன்னால வைக்கணும்னு படம் போட்டுருக்கானே. நீ பின்னாலல்லா வச்சிருக்க?"

மாமா மேலேயே நின்றுவிட்டார். அந்தக் காகிதத்தை அவர் பிரித்தே பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார், மாஷி வீட்டைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். சிக்னல் இங்கே வந்து இரண்டாகப் பிரிந்து, இளைத்து, அழுக்கு சேர்ந்து அறைக்கு வந்த பிறகு அதைப் பெரிதாக்கினால் அழுக்கும்தானே சேர்ந்து பெரிதாகும். பிரிவதற்கு முன்னால், நல்ல நிலையில் இருக்கும்போதே பெரிதாக்கிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் போதும். "எனக்குத் தெரியும் அத்தான், மறந்துட்டேன்" என்றார். அந்த நேரத்திலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

மணி பதினொன்றே முக்கால். நான் பூஸ்டரைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தேன். அங்கே ஒரு சிக்கல்: பூஸ்டருக்குக் கரண்ட் வேண்டும், எங்கள் வீட்டு வயர் அந்த மூலைக்கு எட்டவில்லை. அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தன் உடைந்த ஹிந்தியில் என்னவோ சொன்னாள். மாஷி உள்ளே போய், ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை நீட்டினாள். "லோ!"

ஆக, எங்கள் பூஸ்டர் மாஷி வீட்டுக் கரண்டில் ஓட ஆரம்பித்தது. மாமா பின்னைத் திருகிக்கொண்டே "வருதா?" என்று கத்தினார்.

"வருது!" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா வருது மாமா!"

என்னை அவர் நம்பவில்லை. அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அப்பா ஏணியை விட்டுவிட்டு உள்ளே வந்து, கண்ணாடியைப் போட்டு, நிதானமாகப் பார்த்து, வெளியே போய்ச் சான்றிதழ் கொடுப்பதற்குள் மாஷியின் ஜன்னலே கத்திவிட்டது. "ஆ கயா! ஏக்தம் சாஃப்!" படம் சுத்தமாக வந்துவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் அவளே தன் டிவியை ஓடவிட்டுவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மா வந்தாள். அரக்குப் பட்டுப் புடவையில், கொசு இல்லாமல், ஈ இல்லாமல், கண் முன்னால் நின்றாள். மூக்குத்தியில் ஏழு கல். மாமா எண்ணிச் சொன்னார். தேங்காய்ப்பால் அல்வா கிண்டினாள். நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். நடுவில் அந்தப் பெண்ணுக்காக வைத்திருந்த தண்ணீர்த் தம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். மறுபடி நிரப்பி வைத்தார்கள், அதையும் குடித்தாள். அந்தப் பெண் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். பாகு பதத்தைக் காட்ட அவள் கரண்டியை உயரத் தூக்கியபோது கைவளையல்கள் எல்லாம் கலகலவென்று முழங்கைவரை ஓடின. கடைசியில் இரண்டாம் பரிசு, சாப்பாட்டைச் சூடாக வைக்கும் ஒரு பெரிய பாத்திரம். நாங்கள் கைதட்டியதில் தகரமே அதிர்ந்தது. மாஷிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் எங்கள் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள்.

அம்மா மட்டும் தட்டவில்லை. "பதிவாகியிருக்கால?" என்று கேட்டாள். "பின்ன?" என்றார் மாமா.

"அவ கரண்டியைத் தூக்குன எடத்தைத் திருப்பிப் போடு."

போட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னாள். நாலாவது தடவை, வளையல்கள் ஓடி முழங்கையில் நின்ற இடத்தில், நிறுத்தச் சொன்னாள். படம் அசையாமல் நின்றது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமாவும் பார்த்தார். கார்டைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "அப்பா மாதிரியே" என்றார் மெல்ல.

நானும் உற்றுப் பார்த்தேன். தாத்தாவைப் போட்டோவில்தான் எனக்குத் தெரியும். அவருக்குப் பெரிய மீசை. பெரியம்மாவிடம் எனக்கு அவர் ஜாடை எதுவும் தெரியவில்லை. தாத்தாவைக் கொண்டுபோனது சர்க்கரை நோய் என்பதும், கடைசிக் காலத்தில் அவரும் இப்படித்தான் உருகிப்போய்த் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார் என்பதும் நான் பெரியவளான பிறகு காதில் விழுந்த சங்கதிகள்.

அன்றைக்கே அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். முதலில் சிரித்தாள், அல்வாவைப் புகழ்ந்தாள். பிறகு, "மூஞ்சி மட்டுமா? வளையல்கூட நல்லாத் தெரிஞ்சுதுக்கா" என்றாள். அதற்குப் பிறகும் வெகுநேரம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போனுக்கு ஆகிற செலவைப் பற்றி அப்பா அன்று ஒன்றுமே சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாயங்காலம் அப்பா தனியாக இருந்தபோது போய்க் காதோடு காதாகச் சொன்னேன்: அம்மாவுக்குப் பெரியம்மாவின் வளையல்மேல் ஆசை, வாய்விட்டுக் கேட்கமாட்டாள், நாலு தடவை நிறுத்திப் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்களே, அதே மாதிரி வாங்கிக் கொடுங்கள். அப்பா என் தலையில் கையை வைத்தார். மறுநாள், எதற்கும் லீவு போடாத மனுஷன், ஆபீசுக்கு லீவு போட்டார். மத்தியானம் ஒரு கவரோடு வந்தார். பிடுங்கிப் பிரித்துப் பார்த்தேன். அம்மா பேருக்கு ஒரே ஒரு கப்பல் டிக்கெட். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவில்லையா என்று இருந்தது.

அம்மா போய்த் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் மாமா வைத்த சாம்பாரைச் சாப்பிட்டோம். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மாஷிதான் அவ்வப்போது மீன் குழம்பு கொடுத்துக் காப்பாற்றினாள். டிவி மட்டும் இரண்டு வீட்டிலும் குறையில்லாமல் ஓடியது.

கப்பல் வந்த அன்று துறைமுக ஜெட்டியில் மூன்று பேரும் காத்திருந்தோம். அம்மா கறுத்துப்போய், களைத்துப்போய், சிரித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப அந்த வளையலைக் கழட்ட முடியலைல. சோப்புப் போட்டுப் பாத்துட்டோம், வரமாட்டேங்கு" என்றாள்.

மாமா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், இல்லை அழுதார். அப்பா எத்தனையோ நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம். அத்தனை கடலைத் தாண்டிப் போயிருக்கிறாள், சோப்பெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறாள், கழற்ற வரவில்லை என்றதும் வெறுங்கையோடு திரும்பியும் வந்துவிட்டாள். இதில் இவர்கள் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை நான் ஒருவரோடும் பேசவில்லை.